மஞ்சள் தகடு

நாற்பத்தோரு வருஷம். அனந்தகிருஷ்ணன் ஃபேஸிட் கணக்கு மிஷினின் கைப்பிடியை மூன்று தடவை முதலிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டான். மூன்று தடவையும் அதே நாற்பத்தோரு வருஷம்தான் வந்தது. செம்பூர்க் கோடியில் இருந்த அந்த ரசாயன ஆலையில், பெரிய கொப்பரையைக் குளிரவைக்க இரண்டு பம்புகள் உண்டு. அவை இரண்டும் ஒரே சமயத்தில் படுத்துவிடுவது நாற்பத்தோரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும் என்றது கணக்கு. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவனுக்கோ நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் கான்டீனில் யாரோ சாயாவை ஊதிக்கொண்டே, "போன தீபாவளிக்கு ரெண்டு பம்பும் ஒண்ணா படுத்துக்கிச்சே, அன்னைக்கு நல்லவேளை கொப்பரை காலியா கெடந்துச்சு" என்று சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது.

தீபாவளி போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாற்பத்தோரு வருஷமாம்!

இந்த அனந்தகிருஷ்ணன் மாட்டுங்காக்காரன். முப்பத்திரண்டு வயது, கணக்கில் எம்.ஏ., ஆலையின் திட்டப் பிரிவில் புள்ளிவிவர உதவியாளன். தினமும் டிபன் டப்பாவும் கையுமாக லோக்கல் ரயில் ஏறி, குர்லாவில் இடிபட்டு இறங்கி, மான்குர்த் வண்டிக்கு மாறி, செம்பூரில் உதிர்வான். யார் வம்புக்கும் போகாத பிராணி. தப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போலத் தெரியும், வாய்தான் வராது. இப்படிப்பட்டவர்களை நம் ஊரில் நல்ல மனுஷன் என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டுப் போவோம். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் ஒரு துரும்பும் கிள்ளிப்போட முடியாது என்பதை யாரும் சொல்லமாட்டோம்.

அவனுடைய மேலதிகாரி ஜம்புநாதன், ஆபீஸ் முழுவதற்கும் ஜம்பு சார். ஆறு வாரப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனவர். போகும்போது ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோனார், வரும்போது மார்க்கோவ் என்கிற ரஷ்யாக்காரரின் பெயரைக் கொண்டுவந்தார். அவர் பேரில் உள்ள கணக்கு முறை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு யந்திரம் எந்தெந்த நிலையில் இருக்கக்கூடுமோ, அதற்கெல்லாம் ஒவ்வொரு வட்டம் போட வேண்டியது. ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை வேகத்தில் போகும் என்று அம்பு போட்டு எண் எழுத வேண்டியது. ஒவ்வொரு வட்டத்தின் நெற்றியிலும் அதன் குணத்தை எழுத வேண்டியது. அதாவது, அந்த நிலையில் நம்பி இறங்கக்கூடிய பம்புகள் எத்தனை என்று. இரண்டு, ஒன்று, சைபர். மூன்றே வட்டம். அப்புறம் கைப்பிடியைச் சுற்றினால் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஆபத்து என்று வந்து விழும்.

விழுந்ததுதான் நாற்பத்தோரு வருஷம். அதை வைத்துத்தான் தலைமை ஆபீஸ் ஒரு முடிவு எடுக்கப்போகிறது. மூன்றாவது பம்பு ஒன்று வேண்டும் என்று ஆலை கேட்டு இரண்டு வருஷமாகிறது. வாங்குவதா வேண்டாமா என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

மறுநாள் காலை அனந்தகிருஷ்ணன் காகிதத்தை எடுத்துக்கொண்டு பம்பு ஹவுஸுக்கே போய்விட்டான். திட்டப் பிரிவுக்காரர்கள் அங்கே கால் வைப்பது கிடையாது. சட்டையில் கிரீஸ் ஒட்டும். உள்ளே ஃபிட்டர் செல்லப்பாண்டி குந்தி உட்கார்ந்து ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். தாராவியில் குடியிருப்பு; தூத்துக்குடிப் பக்கத்து ஆள்; வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நிமிர்ந்து பார்த்து, அவன் கையில் இருந்த வட்டங்களையும் அம்புகளையும் எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், கோலம் போடுதிய? மார்கழிதான் முடிஞ்சு போச்சே."

அனந்தகிருஷ்ணன் சிரித்துவிட்டு விளக்கினான். "இது ரெண்டு பம்பும் நன்னா இருக்கற நிலை. இது ஒண்ணு ரிப்பேர்ல இருக்கற நிலை. இது ரெண்டும் போயாச்சு."

"மூணுதானா?"

"மூணுதான். ஏன் கேக்கறேள்?"

செல்லப்பாண்டி சுவரைக் காட்டினான். அங்கே ஒரு மரப்பலகை, அதில் இரண்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு தகரத் தகடு. பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் ஓடத் தயார், சிவப்பு என்றால் ரிப்பேர். முதல் ஆணியில் பச்சை தொங்கியது, இரண்டாவதில் மஞ்சள்.

"அந்த ரெண்டாவது பம்பு எப்பிடி இருக்குன்னு நெனைக்கிய?"

"மஞ்சள் தொங்கறதே. தயார்."

"தயாரு! ஸ்விட்ச போடுங்க பாப்போம்." அனந்தகிருஷ்ணன் நிஜமாகவே கையைத் தூக்க, செல்லப்பாண்டி பதறி எழுந்தான். "அட, போட்டுராதிய சார்! உள்ள தண்ணி கசியாமத் தடுக்குத சீல் கெடையாது. கயித்தத் திரிச்சுச் சுத்தி வச்சிருக்கேன். ரெண்டு நிமிசம் ஓடும், மூணாவது நிமிசம் மூஞ்சியில அடிக்கும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அனந்தகிருஷ்ணன் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான், செல்லப்பாண்டி எல்லாவற்றையும் சொன்னான். சிவப்புத் தகடு ஒரு நாளுக்கு மேல் தொங்கினால் கொப்பரையை நிறுத்த வேண்டும் என்று சட்டம். கொப்பரையை நிறுத்தினால் ஒர்க்ஸ் மானேஜர் ஆடித் தீர்த்துவிடுவார். பம்பின் சீலோ வெளிநாட்டுச் சரக்கு. லைசென்ஸ் வந்து, கப்பல் வந்து, துறைமுகத்திலிருந்து வெளியே வந்து சேர்வதற்குள் தாடி முளைத்துவிடும். அதனால் ஃபிட்டர் தன் வேலையை முடித்துப் பம்பை மூடியதுமே ஷிப்டு ஃபோர்மேன், "பாண்டி, மஞ்சளை மாட்டு" என்பார். சீல் வரும்வரை பம்பு மஞ்சள் தகட்டோடு சும்மா நிற்கும். இது எத்தனையோ நாளாக நடக்கிற வழக்கம். யாரும் இதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

"அப்போ ரிப்பேர் கார்டுல ஆறு மணி நேரம்னு இருக்கே?"

"நான் ஸ்பானர் புடிச்ச நேரம் சார் அது. அதத்தான் எழுதச் சொல்லுதாவ. சீலுக்காவக் காத்துக் கெடக்க நேரத்துக்குக் கார்டுல எடமே கெடையாதுல்லா."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆறு மணி நேரத்தைப் போட்டுச் சுற்றினால் மிஷின் நாற்பத்தோரு வருஷம் என்றுதான் சொல்லும். அது என்ன செய்யும், பாவம்.

செல்லப்பாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தான். பீடிக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்தது. பென்சிலால் குண்டு குண்டாக எழுதியிருந்தான்: எந்தப் பம்பு, என்றைக்குப் படுத்தது, என்றைக்கு நிஜமாகத் தயாரானது. "சும்மா எழுதி வச்சேன். எந்தப் பம்ப நம்பலாம், எத நம்பக்கூடாதுன்னு எனக்காச்சும் தெரியணும்லா?"

போன வருஷம் மட்டும் ஆறு தடவை. காத்துக் கிடந்த நாட்கள்: நாலு, இருபத்துமூன்று, பதினொன்று, முப்பத்தொன்று, ஒன்பது, பன்னிரண்டு. அனந்தகிருஷ்ணன் மனசுக்குள்ளேயே கூட்டி வகுத்துவிட்டான். சராசரி பதினைந்து நாள். கார்டில் இருந்ததோ ஆறு மணி நேரம்.

"இந்த முறையில ஒரு சௌகரியம் உண்டு செல்லப்பாண்டி. வட்டத்துக்கு ஞாபகம் கிடையாது. பம்பு எப்படி இங்க வந்ததுங்கறது வேண்டாம். இப்போ எந்த வட்டத்துல இருக்குங்கறது மட்டும் சரியாத் தெரிஞ்சாப் போறும்."

"வட்டத்துக்கு இல்லாம இருக்கலாம். பம்புக்கு ஞாபகம் உண்டு சார். போன வருசம் நான் சரியா முறுக்காத போல்ட்ட இந்த வருசம் காட்டிக் குடுத்துரும்."

"இந்த டைரியை நான் எடுத்துண்டு போய்க் காட்டட்டுமா?"

அதுவரை கலகலவென்றிருந்த செல்லப்பாண்டியின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. "ஊரச் சொன்னாலும் பேரச் சொல்லாதிய சார். மஞ்சத் தகட்ட மாட்டுனது என் கை. தகட்டு ரிஜிஸ்தர்ல கையெழுத்து என்னுது. ஃபோர்மேன் வாயால சொன்னாரு, எழுதியா குடுத்தாரு? எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைய. வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?" டைரியை அவன் பக்கம் நகர்த்திச் சொன்னான்: "நம்பர வேணா எழுதிக்கிடுங்க. மூணாவது பம்பு வந்துட்டாப் போதும் சார், இந்தப் பொய்யே வேண்டாம். கணக்குல எப்பிடியாச்சும் கொண்டாந்திருங்க."

கொண்டுவந்துவிடுகிறேன் என்றுதான் அனந்தகிருஷ்ணன் சொன்னான். அந்தச் சமயத்தில் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

அன்று சாயங்காலத்துக்குள் நாலாவது வட்டம் போட்டுவிட்டான். ஒரு பம்பு ஓடுகிறது, மற்றது சாமானுக்காகக் காத்திருக்கிறது. அதன் நெற்றியில் ஒன்று என்று எழுதினான். ஓடுகிற பம்பு மட்டும்தான் கணக்கு, காத்திருப்பது சேர்த்தியில்லை. கைப்பிடியைச் சுற்றினான். ஒரு வருஷம். நாற்பத்தோரு வருஷம் போய், வருஷத்துக்கு ஒரு தடவை என்று வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் இந்தக் கட்டெறும்பு கடிக்கும்.

ஜம்பு சார் காகிதத்தைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாலாவது வட்டம் எங்கேர்ந்துடா முளைச்சுது?"

"காத்திண்டிருக்கற நிலை சார். மஞ்சள் தகடு தொங்கறது, ஆனா பம்பு தயாரில்லை."

"யார் சொன்னா?"

அனந்தகிருஷ்ணன் வாயைத் திறந்தான். பொட்டப் பிள்ளைய ரெண்டு என்ற குரல் காதில் கேட்டது. மூடிக்கொண்டான்.

"பலகை தயார்ங்கறது. ரிஜிஸ்தர் தயார்ங்கறது. கார்டு ஆறு மணி நேரம்ங்கறது. நீ ஒருத்தன் மட்டும் இல்லைங்கறே. தலைமை ஆபீஸ்ல என்னை ஆதாரம் கேட்டா, எங்க அனந்தனுக்குத் தோணித்துன்னு சொல்லட்டுமா?" ஜம்பு சார் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தாலாவது சபித்துவிட்டுப் போகலாம். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "வட்டம் வேணும்னா இருக்கட்டும், உன் மனசு ஏன் கஷ்டப்படணும். நெத்தியில ரெண்டுன்னு எழுதிடு. தயார்னா தயார்தான்."

"ரெண்டுன்னு எழுதினா அது முதல் வட்டத்துக்குள்ளயே கரைஞ்சு போயிடும் சார். இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"அதான் சொல்றேன், எழுது."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஆளைச் சொன்னால் ஆளுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஆளின் உயிருக்கே உத்தரவாதமில்லை. அழிரப்பரை எடுத்து ஒன்றை அழித்தான். இரண்டு என்று எழுதினான். அடியில் கையெழுத்தும் போட்டான். திருத்தமான, அழகான கையெழுத்து அவனுக்கு.

ஏப்ரலில் பதில் வந்தது. நாற்பத்தோரு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஆபத்துக்காக மூன்றாவது பம்பு வாங்குவது அவசியமில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அனந்தகிருஷ்ணன் பம்பு ஹவுஸுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். செல்லப்பாண்டி திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "போவட்டும் சார், நீங்க என்ன செய்வீய" என்று சொல்லிவிட்டு அவன் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்.

அப்புறமும் அனந்தகிருஷ்ணன் சும்மா இருந்துவிடவில்லை. அவன் சக்திக்கு உட்பட்டதைச் செய்தான். பெயர் குறிப்பிடாமல் ஒரு மெமோ எழுதினான்: மாற்றுப் பம்பின் நிலையை நேரில் சரிபார்ப்பது நல்லது. பத்து நாள் கழித்து ஒருவர் நேரில் சரிபார்க்க வந்தார். வந்தவர் பலகையைப் பார்த்தார். மஞ்சள் தொங்கியது. சரிபார்க்கப்பட்டது என்று எழுதிவிட்டுச் சாயா குடித்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் அவன் மேஜைக்கே திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜூன் இரண்டாவது வாரம், மழை பிடித்த மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணி. ஓடிக்கொண்டிருந்த பம்பின் மோட்டார் ஈரத்தில் புகைந்து நின்றது. ஆப்பரேட்டர் பலகையைப் பார்த்தான். மஞ்சள். இரண்டாவது பம்பின் ஸ்விட்சைப் போட்டான். அவன்மேல் என்ன தப்பு? தயார் என்று போட்டிருந்தால் போடத்தானே செய்வான்.

பம்பு ரெண்டு நிமிஷம் ஓடியது. பிறகு கயிறு பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீச்சியடித்தது. கொப்பரையின் அழுத்தம் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. சங்கு ஊதியது, எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஓடாதவன் செல்லப்பாண்டி ஒருவன்தான். கயிற்றைச் சுற்றியவன் அவனாயிற்றே, இன்னும் ஒரே ஒரு முறுக்கு முறுக்கினால் பிடித்துவிடும் என்று நினைத்திருக்கிறான். ஸ்பானரோடு குனிந்தவன் நிமிர்வதற்குள் கொப்பரையின் மூடி வால்வு திறந்துகொண்டது. கொதிக்கிற ஆவி நேரே பம்பு ஹவுஸுக்குள் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் செல்லப்பாண்டியின் முகம் பூராவும் கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் அவன் பெண்டாட்டி பூமாரி உட்கார்ந்திருந்தாள். அனந்தகிருஷ்ணனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் கணக்கு சாரா? தப்பு இவுக பேர்ல இல்லன்னு நீங்க சொல்லிருவியன்னு இவுக சொல்லிக்கிட்டே கெடக்காவ சார். கம்பெனில என்னமோ விசாரணை வைக்காவளாம்."

கட்டுக்குள்ளிருந்து செல்லப்பாண்டியின் குரல் வந்தது. "வந்துட்டியளா சார்? பூமாரி, அந்த டைரிய எடுத்துக் குடு." நனைந்து உப்பிப் போயிருந்த அந்த டைரியை அவள் அடுப்புச் சூட்டில் வைத்துக் காயவைத்திருந்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது, பென்சில் எழுத்து அழியவில்லை. "இப்பம் பேரச் சொல்லலாம் சார். இனி என்ன மறைக்க இருக்கு? உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. ஆளுக்குப் பயந்து பொய் சொன்னேன்னு தெரியட்டும், வேணும்னு செய்யலன்னு தெரியட்டும்."

அனந்தகிருஷ்ணன் டைரியை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே இந்த டைரியைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் இவனுக்கு வேலை மட்டும்தானே போயிருக்கும் என்று நினைத்தான். சொல்கிறேன், கட்டாயம் சொல்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னான்.

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒர்க்ஸ் மானேஜர், ஜம்பு சார், ஷிப்டு ஃபோர்மேன் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் அனந்தகிருஷ்ணனின் அறிக்கை. வந்தவர் இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டார்.

"இது உங்கள் கையெழுத்துதானே? இதன்படி மஞ்சள் தகடு என்றால் என்ன நிலை?"

"தயார் நிலை."

"நம்பத்தக்க பம்புகள் எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"இரண்டு."

"பம்பு ஓடவில்லை. உங்கள் கணக்கு சரியென்றால் தகடு பொய். அந்தத் தகட்டை மாட்டியது யார்?"

என் கணக்கே தப்பு என்று அப்போது அனந்தகிருஷ்ணன் சொன்னான். உரக்கச் சொன்னான். ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு ஆபீஸ் அறையில் அவன் குரல் உயர்ந்தது. டைரியை எடுத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தான். எத்தனை நாள் சீல் இல்லாமல் பம்பு நின்றது, எத்தனை நாள் மஞ்சள் பொய்யாகத் தொங்கியது, நாலாவது வட்டத்தின் நெற்றியில் தான் முதலில் என்ன எழுதியிருந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். டைரியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். அந்த அரை நிமிஷம் அவனுக்குத் தான் ஒரு ஆம்பிளை என்று தோன்றியது.

வந்தவர் கையை நீட்டி டைரியை வாங்கினார். நிதானமாகப் புரட்டினார்.

"இது அந்த ஃபிட்டரின் கையெழுத்துதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் தகடு பொய் என்பது ஒரு வருஷத்துக்கு மேலாகவே அவருக்குத் தெரியும். தெரிந்தே மாட்டியிருக்கிறார். ஆறு தடவை."

"ஃபோர்மேன் சொல்லித்தான் மாட்டினான்!"

ஃபோர்மேன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் சொன்னேனா? எழுத்துல எங்க இருக்கு? டைரியில இருக்கா, பாருங்க."

பார்த்தார்கள். இல்லை. பம்பைப் பற்றி எல்லாம் எழுதி வைத்திருந்த அந்த மனுஷன், மஞ்சளை மாட்டச் சொன்னது யார் என்று ஒரு வரி எழுதவில்லை. அவனுக்குப் பம்பு முக்கியம். மனுஷன் மாறிப் பேசுவான் என்று தோன்றவே இல்லை. அனந்தகிருஷ்ணன் ஜம்பு சாரைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய்த் தகடு மாட்டி ஆலைக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காகச் செல்லப்பாண்டி வேலையிலிருந்து நீக்கப்பட்டான். ஆதாரம், அவனுடைய டைரி. அறிக்கையோடு அதையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்த கை அனந்தகிருஷ்ணனுடையது. கொடுக்காதபோது கண் போனது, கொடுத்தபோது வேலை போனது. இதற்கு மேல் ஒரு மனுஷன் எதைத்தான் செய்வது?

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. ஜூலையில் ஜம்பு சார் அவனைக் கூப்பிட்டார். "இப்போதான் ஆதாரம் இருக்கே அனந்தா. அந்த டைரி நம்பரைப் போட்டுத் திரும்பப் பண்ணிடு. நாலாவது வட்டத்துக்கு ஒண்ணுன்னே எழுது." எழுதினான். ஒரு வருஷம் என்று வந்தது. தலைமை ஆபீஸ் உடனே மூன்றாவது பம்புக்கு உத்தரவு போட்டது. அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை அவன் வீட்டில் காட்டவில்லை. டிராயரில் குப்புறப் போட்டு வைத்தான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தாராவிக்குப் போனான். அதற்குமுன் இரண்டு தடவை சந்து முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். பூமாரி வேலைக்குப் போயிருந்தாள். செல்லப்பாண்டி தன் ஒற்றை அறைக் கோளி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்து ஸ்டவ்வெல்லாம் இப்போது அவனிடம்தான் வருகிறது. வலப்பக்கம் மூன்று ஸ்டவ், இடப்பக்கம் இரண்டு.

"யாரு, கணக்கு சாரா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுட்டு. பாத்து சார், அந்த ரெண்டையும் நவத்திராதிய. அது வாசர் இல்லாம நிக்கி. இந்தப் பக்கம் இருக்கதுதான் முடிஞ்சது. கலந்துட்டா ஒரு பொம்பளை மேல நெருப்புப் புடிச்சிரும்."

அனந்தகிருஷ்ணன் அந்த இரண்டு ஸ்டவ்வையும் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் சொன்னான்: "மூணாவது பம்பு வந்துடுத்து செல்லப்பாண்டி."

"வந்துட்டா!" தழும்பேறிய அந்த முகம் முழுக்க மலர்ந்தது. நிஜமான சந்தோஷம், அதில் ஒரு துளி குத்தல் இல்லை. "எப்பிடியும் கொண்டாந்துட்டியளே சார். நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா. மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

"பலகையில மூணாவது ஆணி அடிச்சிருப்பாவளே. எந்தத் தகடு தொங்குது சார்?"

அனந்தகிருஷ்ணன் வெள்ளிக்கிழமைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். புதுப் பம்பையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளிங் கப்பலில் வரவில்லை. இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். "மஞ்சள்" என்றான்.

செல்லப்பாண்டியின் கை ஸ்டவ்வின் மேல் அப்படியே நின்றது. தணிந்த குரலில் கேட்டான்.

"நெசமான மஞ்சளா சார், நம்ம மஞ்சளா?"

"நம்ம மஞ்சள்தான்."

சந்துக்குள் யாரோ குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி தலையை ஆட்டிக்கொண்டான். "இப்பம் ஃபிட்டர் யாரு?"

"ஜமால்னு ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கம்தான். மூணு குழந்தைகள்."

"அவருகிட்ட நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க சார். பம்பு கணக்கு மட்டும் எழுதுனாப் பத்தாது. ஃபோர்மேன் மஞ்சள மாட்டச் சொன்னா, யாரு சொன்னது, என்னைக்குச் சொன்னதுன்னு அதையும் தன் கையாலயே எழுதி வச்சுக்கிடச் சொல்லுங்க. நான் எழுதாம விட்டுட்டேன்."

அனந்தகிருஷ்ணன் தலையை ஆட்டினான். பிறகு, செல்லப்பாண்டிக்குக் கண் தெரியாதே என்று நினைவு வந்து, சொல்றேன் என்றான். வெள்ளிக்கிழமை அந்த ரிஜிஸ்தரையும் அவன் புரட்டிப் பார்த்திருந்தான். மூன்றாவது பம்பு, தயார் என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே கையெழுத்து இல்லை. ஜமாலின் கைநாட்டு இருந்தது.